பின்னணி இல்லாத படம்: சங்கு முதல் ஓலைக் கொட்டான் வரை, இணையப் பக்கத்துக்கான முழு வழிகாட்டி

மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நம் கடலோரத்தில் கருவாடு, சங்கு, ஓலைக் கொட்டான் (ஓலையில் பின்னிய கூடை), கருப்பட்டி, முண்டு மிளகாய் வத்தல் விற்பவர்கள் பலர் இப்போது சொந்தமாக இணையப் பக்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பொருள் படங்களின் பின்னணியை நீக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எடுத்த எடுப்பில் மென்பொருளைத் திறந்து அழிப்பானைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். படத்தின் விளிம்பு நன்றாக வருமா வராதா என்பது படம் பிடிக்கும்போதே முக்கால்வாசி முடிவாகிவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் கேளுங்கள்: பின்னணியை நீக்கத்தான் வேண்டுமா?

உங்கள் பக்கம் முழுக்க வெள்ளை, படமும் வெள்ளைத் தாளில் எடுத்தது, கட்டமாகத் தெரிந்தால் பரவாயில்லை என்றால் பின்னணியை நீக்க வேண்டாம். சாதாரண ஜேபெக் (JPEG) கோப்பு போதும். கோப்பு சிறியதாக இருக்கும், வேலையும் மிச்சம்.

மூன்று சூழலில் மட்டும் நீக்குவது அவசியம். வண்ணப் பட்டையின் மேலோ வேறொரு படத்தின் மேலோ பொருளை வைக்கும்போது, ஒரே படம் வெவ்வேறு நிறப் பக்கங்களில் வரும்போது, கடைச் சின்னத்துக்கு. இப்போது பலர் கைபேசியை இருண்ட திரையில் (டார்க் மோடு) வைத்துப் பார்க்கிறார்கள். அதற்கேற்ப நிறம் மாறும் பக்கமாக இருந்தால், வெள்ளைக் கட்டத்துக்குள் இருக்கும் சின்னம் கறுப்பின் நடுவே ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரியும்.

2. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கைபேசி. அதைச் சாய்த்து நிறுத்த ஏதாவது ஒரு தாங்கி. நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஒரு சார்ட் பேப்பர், வெள்ளையில் ஒன்று. கணினியில் படங்களைத் திருத்தும் ஜிம்ப் (GIMP) மென்பொருள்; இலவசம், கணினி மையத்தில் நிறுவித் தரக் கேட்கலாம். கையில் ஃபோட்டோஷாப் இருந்தால் அதுவும் சரி. பெயர்கள் சற்று மாறும், முறை ஒன்றுதான்.

இன்னொன்று, ஈரத் துணி. கடற்கரையில் அரைமணி நேரம் நின்றாலே கைபேசி லென்ஸில் உப்புப் படலம் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படத்தில் பொருளின் ஓரம் பால் ஊற்றியது போல மங்கும். மங்கிய ஓரத்தை எந்த மென்பொருளாலும் சுத்தமாக வெட்ட முடியாது. முதலில் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் உலர்ந்த துணியால் துடையுங்கள். காய்ந்த துணியை நேராகப் போட்டால் உப்புத் துகள் கீறிவிடும்.

3. படம் பிடித்தல்: பொருளுக்கும் பின்னணிக்கும் நிறம் ஒட்டக்கூடாது

புதியவர்கள் எல்லோரும் வெள்ளைத் தாளில் வெள்ளைச் சங்கை வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சங்கின் முதுகில் ஒளி விழும் இடத்தில் சங்கும் தாளும் ஒரே வெள்ளையாகிவிடும். எங்கே சங்கு முடிகிறது, எங்கே தாள் தொடங்குகிறது என்று மென்பொருளுக்கு மட்டுமல்ல, நமக்கே தெரியாது.

சரி, எதிர் நிறம் வைப்போம் என்று அடுத்து நீலத் துணியையோ பச்சைத் தாளையோ விரிப்பார்கள். அது வேறு சிக்கல். மெருகேற்றிய சங்கு கண்ணாடி மாதிரி. கீழே இருக்கும் நீலத்தைத் தன் அடிவயிற்றில் வாங்கிக்கொள்ளும். பின்னணியை நீக்கிய பிறகும் சங்கின் ஓரத்தில் ஒரு நீல வளையம் நிற்கும். முண்டு வத்தலுக்கும் இதே கதைதான். அதன் தோல் வழவழப்பானது, பச்சைத் தாளில் வைத்தால் சிவப்பு அழுக்கடைந்து பழுப்பாகத் தெரியும்.

அதனால்தான் சாம்பல் தாள். அதில் நிறம் இல்லை, பொருளில் எதுவும் ஒட்டாது. வெள்ளைப் பொருளுக்கும் சாம்பல் எடுபடும், கறுத்த கருப்பட்டிக்கும் எடுபடும். நெத்திலிக் கருவாடு போன்ற வெள்ளி நிறப் பொருளுக்கு மட்டும் சாம்பல் சரிவராது. அதற்கு வெள்ளைத் தாளே மேல்; கருவாட்டின் ஓரம் அதில் கருமையாகத் தெளிந்து நிற்கும்.

வெளிச்சத்துக்குத் திண்ணை நிழலே போதும். உச்சி வெயிலில் மணலில் வைத்து எடுத்தால் நிழல் கத்தி போல் கறுப்பாக விழும், பொருளின் அடிவிளிம்பு அந்த நிழலுக்குள் தொலைந்துவிடும். காற்று அடங்கிய காலை நேரம் நல்லது. தாளின் நான்கு மூலையிலும் கல் வையுங்கள்.

பொருளைத் தாளின் மேல் நேரடியாகப் படுக்க வைக்காமல், கீழே தெரியாதபடி ஒரு சிறு மூடியை வைத்துச் சற்று உயர்த்துங்கள். நிழல் விலகி விழும், தாளின் நிறமும் பொருளில் குறைவாகத் தெறிக்கும். பொருளைச் சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். ஓரம் வெட்டுப்பட்டுப் போனால் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

4. கணினிக்கு மாற்றும்போது படம் கெடாமல் பாருங்கள்

இங்கே நிறையப் பேர் தெரியாமலே இழக்கிறார்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி ஜேபெக்காக மாற்றிவிடும். ஓரங்களைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல் சிறு சிறு புள்ளிகள் தோன்றும், வெட்டும்போது அவையெல்லாம் தொல்லை. யூஎஸ்பி கம்பியில் மாற்றுங்கள். வாட்ஸப்தான் வழி என்றால் டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்புங்கள். அப்போது கோப்பு அப்படியே போகும்.

வேலை முடிந்த படத்தை அனுப்பும்போதும் இதே எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் உழைத்துச் செய்த சங்குப் படத்தைப் பக்கம் வடிவமைப்பவருக்கு வாட்ஸப்பில் படமாக அனுப்பிவிட்டார். பக்கத்தில் ஏறியபோது சங்கைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். ஜேபெக்கில் 'இங்கே ஒன்றுமில்லை' என்று குறித்துவைக்க வழியே கிடையாது. ஏதாவது ஒரு நிறத்தை நிரப்பியே ஆக வேண்டும், அது பெரும்பாலும் கறுப்போ வெள்ளையோவாக இருக்கும்.

5. ஜிம்பில் திறந்தவுடன் செய்ய வேண்டிய மூன்று காரியங்கள்

படத்தைத் திறந்து, முதலில் லேயர் (படத்தை அடுக்கடுக்காக வைக்கும் தாள்) பட்டியலில் டூப்ளிகேட் லேயர் கொடுத்து ஒரு நகல் எடுங்கள். கீழே இருக்கும் மூலத்தின் கண் குறியை அணைத்துவிடுங்கள். தவறு நேர்ந்தால் திரும்பிப் போக இடம் வேண்டும்.

இரண்டாவது, நகலின் மேல் நின்று லேயர், டிரான்ஸ்பரன்ஸி, ஆட் ஆல்ஃபா சேனல் என்று போங்கள். ஆல்ஃபா என்பது ஒவ்வொரு பிக்சலும் (படத்தின் மிகச் சிறு புள்ளி) எவ்வளவு தெரியும் என்று சொல்லும் எண். 0 என்றால் மறைந்தது, 255 என்றால் முழுதாகத் தெரிவது, இடைப்பட்டவை அரைகுறையாகத் தெரிபவை. கைபேசியில் எடுத்த ஜேபெக்கில் இது இருக்காது. அதைச் சேர்க்காமல் டெலீட் அழுத்தினால் பின்னணி மறையாது, வேறொரு நிறம்தான் வந்து நிரம்பும். 'அழித்தால் வெள்ளையாகிறது, மறையவில்லை' என்று கேட்பவர்களுக்கெல்லாம் காரணம் இதுதான்.

மூன்றாவது, நகலுக்குக் கீழே ஒரு புதிய லேயர் போட்டு அடர்ந்த சிவப்போ பச்சையோ நிரப்புங்கள். மறைந்த இடத்தில் ஜிம்ப் காட்டும் சாம்பல் கட்டங்களின் மேல் விளிம்புக் குறைகள் கண்ணில் படாது. அடர் நிறத்தின் மேல் ஒரு பிக்சல் பிசகினாலும் பளிச்சென்று தெரியும்.

6. பொருளைத் தேர்வு செய்தல்: எதற்கு எந்தக் கருவி

ஒரே கருவியால் எல்லாவற்றையும் வெட்டப் பார்ப்பதுதான் நேரத்தை விழுங்குகிறது. பொருளின் விளிம்பைப் பார்த்துக் கருவியை எடுங்கள்.

சங்கு, கருப்பட்டி, பாட்டில், டப்பா போன்ற வழவழப்பான விளிம்புக்குப் பாத் கருவி. விளிம்பில் புள்ளி புள்ளியாக வைத்து, இழுத்து வளைத்து ஒரு சுற்று வந்து மூடிவிட்டு என்டர் அழுத்தினால் தேர்வு கிடைக்கும். புள்ளிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு வழுவழுப்பாக வரும். நாற்பது புள்ளி வைத்தவரின் சங்கு நசுங்கிய தகர டப்பா மாதிரி இருக்கும். அதையே பத்துப் பன்னிரண்டு புள்ளியில் முடித்தால் வளைவு தானாக ஓடும். விளிம்பின் மேல் நேராக வைக்காமல் ஒரு முடி அளவு உள்ளே தள்ளி வையுங்கள்.

ஒரே நிறப் பின்னணி, தெளிவான எல்லை என்றால் ஃபஸி செலக்ட். பின்னணியில் சொடுக்கினால் அதே சாயல் உள்ள இடமெல்லாம் பிடிபடும். த்ரெஷோல்ட் என்ற அளவைக் கூட்டக் கூட்ட அதிகம் பிடிக்கும். கூட்டிக்கொண்டே போனால் பொருளுக்குள்ளும் புகுந்துவிடும். குறைந்த அளவில் வைத்து, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு நான்கைந்து இடத்தில் சொடுக்கிச் சேர்ப்பதே நல்லது. இதில் தேர்வாவது பின்னணி. கடைசியில் செலக்ட் பட்டியலில் இன்வெர்ட் கொடுத்துப் பொருளுக்கு மாற்றுங்கள்.

ஓலைக் கொட்டானுக்கும் நார்ப் பின்னலுக்கும் ஃபோர்கிரவுண்ட் செலக்ட். கொட்டானைக் கிட்டத்தில் பாருங்கள். வாய் ஓரத்தில் ஓலை நறுக்குகள் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். காதுப் பிடிக்குள் ஒரு பெரிய ஓட்டை. பின்னல் சந்திகளில் அரிசி நுழையும் அளவுக்குச் சிறு இடைவெளிகள், அவற்றின் வழியே சாம்பல் தாள் தெரியும். பாத் கருவியால் இதை வரைந்தால் ஒரு நாள் போய்விடும். ஃபோர்கிரவுண்ட் செலக்ட்டில் சுற்றிலும் தோராயமாக ஒரு கோடு போட்டு, கொட்டானின் மேல் தூரிகையால் தீற்றி 'இதுதான் பொருள்' என்று காட்டினால் மீதியைக் கருவியே பிரித்துக்கொள்ளும். நார் முனைகள் இருக்கும் இடத்தை 'தெரியாத பகுதி' என்று விட்டுவிடுங்கள். அங்கேதான் அது அரைகுறை ஆல்ஃபாவைக் கணக்கிடும்.

காதுப் பிடியின் ஓட்டையை மறப்பவர்கள் மிக அதிகம். அங்கே சாம்பல் தாள் அப்படியே நின்றுவிடும். வெள்ளைப் பக்கத்தில் அது நிழல் போலத் தெரிந்து தப்பித்துக்கொள்ளும், வண்ணப் பட்டையில் வைத்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

தாளில் கறுப்பு மையால் வரைந்த கடைச் சின்னத்துக்கு மட்டும் கலர் டு ஆல்ஃபா. வெள்ளையை நீக்கச் சொன்னால் மை மட்டும் நிற்கும், கோட்டின் ஓரமும் மென்மையாக இருக்கும். இதைப் பார்த்து ஆசைப்பட்டுச் சங்குப் படத்துக்கும் இதையே போடுகிறார்கள். வேண்டாம். அந்தக் கருவி எங்கெல்லாம் வெள்ளை கலந்திருக்கிறதோ அங்கெல்லாம் வெள்ளையை உறிஞ்சிவிடும். சங்கு மொத்தமும் ஆவி போல ஆகிப் பின்னால் இருக்கும் எழுத்தெல்லாம் தெரியும்.

தானாகப் பின்னணி நீக்கும் இணையதளங்கள் பற்றியும் கேட்கிறார்கள். ஐபோனில் 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் படத்தை அழுத்திப் பிடித்தாலே பொருள் தனியாகப் பிரிந்து வருகிறது. வத்தல் குவியல், டப்பா, மனிதர் படத்துக்கு இவை நன்றாகவே வேலை செய்யும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். கொட்டானின் பின்னல் இடைவெளியிலும், சங்கின் கூர்முனையிலும், மீனின் மெல்லிய துடுப்பிலும் அவை தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரித்து வாங்கிய பிறகும் அடுத்த இரண்டு படிகளைச் செய்தே தீர வேண்டும்.

7. அழிக்காதீர்கள், முகமூடி போடுங்கள்

தேர்வு தயாரானதும் (வழவழப்பான பொருள் என்றால் அடுத்த படியில் சொல்லும் ஷ்ரிங்க்கையும் ஃபெதரையும் முதலில் கொடுத்துவிட்டு) டெலீட் அழுத்தாமல் லேயர், மாஸ்க், ஆட் லேயர் மாஸ்க் போய் 'செலக்‌ஷன்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பின்னணி மறையும், ஆனால் அழியாது. மாஸ்க்கில் வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பு பூசிய இடம் மறையும். ஓலை முனை ஒன்று வெட்டுப்பட்டுவிட்டதா, வெள்ளைத் தூரிகையால் தடவினால் திரும்பி வந்துவிடும்.

அழிப்பானால் அழித்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. மறுநாள் ஒரு குறை கண்ணில் பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கோப்பை உடனே ஜிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்-இல் சேமியுங்கள். மாஸ்க் பத்திரமாக இருப்பது அதில்தான்.

8. விளிம்பைச் சரிசெய்தல்

நேரத்தை இங்கே செலவிடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் அவசரப்படலாம், இதில் கூடாது.

பொருளின் ஓரத்துப் பிக்சல் எதுவும் முழுக்கப் பொருளின் நிறத்தில் இருக்காது. பாதி பொருள், பாதி தாள். அதை அப்படியே வைத்து வெட்டினால் தாளின் நிறம் ஒரு மெல்லிய கோடாகப் பொருளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வரும். அடர் நிறப் பக்கத்தில் வத்தலைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தெரிவது இதனால்தான்.

முதல் மருந்து, மாஸ்க் போடும் முன் செலக்ட் பட்டியலில் ஷ்ரிங்க் கொடுத்துத் தேர்வை உள்ளே இழுப்பது. எத்தனை பிக்சல் என்பதில்தான் குழப்பம். உங்கள் மூலப் படம் 4000 பிக்சல் அகலம், பக்கத்தில் போகப்போவது 800 என்றால், மூலத்தின் 5 பிக்சல் இறுதியில் 1 பிக்சல். மூலத்தில் 1 பிக்சல் சுருக்கிவிட்டு 'ஒன்றும் மாறவில்லையே' என்று கேட்கக்கூடாது. 3 அல்லது 4 சுருக்குங்கள். பிறகு ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் 2 கொடுங்கள். ஃபெதர் இல்லாவிட்டால் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போல் இருக்கும். 10 கொடுத்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

கொட்டானில் ஷ்ரிங்க் கொடுக்காதீர்கள். மெல்லிய ஓலை முனைகளெல்லாம் காணாமல் போய்விடும். அதற்கு இரண்டாவது மருந்து இருக்கிறது, நான் அதிகம் நம்புவதும் இதைத்தான். லேயர் பட்டியலில் மாஸ்க்கை விட்டுவிட்டுப் படத்தின் சிறு உருவத்தைச் சொடுக்குங்கள். இப்போது நீங்கள் பூசுவது படத்தில், மாஸ்க்கில் அல்ல. குளோன் கருவியை எடுத்து, ஓலையின் உட்பகுதி நிறத்தை எடுத்து ஓரத்தைத் தாண்டி வெளியே வரை தடவுங்கள். மாஸ்க் வெளியே போனதை மறைத்துவிடும். ஓரத்தில் இருந்த சாம்பல் மட்டும் ஓலையின் நிறமாக மாறிவிடும். வடிவம் கொஞ்சமும் மாறாது.

வேலை செய்யும்போது கீழே இருக்கும் வண்ண லேயரைச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். கறுப்பில் வெளிறிய ஓரமும் வெள்ளையில் கருத்த ஓரமும் வெளிப்படும். ஒரே நிறத்தில் பார்த்து முடித்தவர்கள் பாதிக் குறையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

9. நிழல்

வெட்டிய பொருள் அந்தரத்தில் மிதப்பது போல் தெரியும். மூலப் படத்தின் நிழலையே காப்பாற்ற முயலாதீர்கள்; அதில் தாளின் நிறம் கலந்திருக்கும். புதிய லேயரில் பொருளுக்கு அடியில் கறுப்பால் ஒரு தட்டையான வட்டம் பூசி, பிளர் கொடுத்து மங்கலாக்கி, ஒபாசிட்டியை (லேயர் எவ்வளவு அடர்த்தியாகத் தெரியும் என்ற அளவு) குறைத்துவிடுங்கள். எந்த நிறப் பக்கத்திலும் ஒத்துப்போகும்.

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸிலேயே நிழல் தருவதானால், பக்கம் வடிவமைப்பவரை ஃபில்டரில் டிராப்-ஷேடோ எழுதச் சொல்லுங்கள். பாக்ஸ்-ஷேடோ எழுதினால் நிழல் படத்தின் சதுரக் கட்டத்துக்கு விழும். சங்குக்குச் சதுர நிழல் வந்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

10. அளவும் வடிவமும்

முதலில் இமேஜ் பட்டியலில் க்ராப் டு கன்டென்ட் கொடுத்து வெற்றிடத்தை வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெற்றிடமும் பக்கத்தில் இடம் பிடிக்கும். 'படம் ஏன் நடுவில் நிற்கவில்லை' என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அதுதான். வண்ண லேயரும் மூல லேயரும் இறுதிப் படத்தில் இருக்கக்கூடாது; இருந்தால் பின்னணி மறையாது. அதனால் எக்ஸ்சிஎஃப்பை இன்னொரு பெயரில் சேமித்து, அந்த நகலில் அவ்விரண்டையும் நீக்கிவிட்டு, மாஸ்க்கை அப்ளை செய்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

அடுத்து ஸ்கேல் இமேஜ். பக்கத்தில் 400 பிக்சல் அகலத்தில் தெரிய வேண்டும் என்றால் 800-ஆகச் சுருக்குங்கள். கைபேசித் திரைகள் நெருக்கமான பிக்சல் கொண்டவை. சரியாக 400 கொடுத்தால் மங்கலாகத் தெரியும். சுருக்குவது கடைசியில்தான். முதலில் சுருக்கிவிட்டு வெட்டினால் விளிம்பைத் திருத்த இடமே இருக்காது.

வடிவத்தில் குழம்ப வேண்டாம். பொருள் படத்துக்கு வெப்பி (WebP). இது ஜேபெக் போலச் சுருங்கும், ஆல்ஃபாவையும் வைத்துக்கொள்ளும். சஃபாரி 2020-இல் 14-ஆம் பதிப்பில் இதை ஏற்றுக்கொண்ட பிறகு, இப்போது புழங்கும் உலாவிகள் எல்லாவற்றிலும் திறக்கிறது. தரம் 80 வாக்கில், ஆல்ஃபா தரம் மட்டும் 100. அச்சகத்துக்கோ வேறொருவரின் கைக்கோ போகும் படம் என்றால் பிஎன்ஜி. தரம் குறையாது, ஆனால் புகைப்படங்களுக்குக் கோப்பு பல மடங்கு பெரியதாகும். பாம்பன் கரையில் சிக்னல் ஒரு கோடு காட்டும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் வித்தியாசம் புரியும். ஜிஃப் வேண்டாம், அதில் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, நடுவில் ஒன்றும் கிடையாது. ஓரம் பல் பல்லாக நிற்கும், நிழலும் வராது. கடைச் சின்னத்தை இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைந்து, பிக்சலாக அல்லாமல் கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி-யாக வைத்தால் எந்த அளவுக்குப் பெருக்கினாலும் கலையாது.

11. ஏற்றியபின் பார்க்க வேண்டியவை

பக்கத்தைக் கைபேசியில் திறந்து, ஒருமுறை வெளிச்சத் திரையிலும் ஒருமுறை இருண்ட திரையிலும் பாருங்கள். கறுப்பு எழுத்துச் சின்னம் இருண்ட திரையில் கறுப்போடு கறுப்பாக மறைந்துவிடும். அதற்கு மெல்லிய வெள்ளை வெளிக்கோடு போடுங்கள், இல்லையென்றால் வெள்ளை எழுத்தில் இன்னொரு சின்னத்தையும் தயாராக வையுங்கள்.

வெயிலில் நின்றும் ஒருமுறை பாருங்கள். வாங்க வருபவர்களில் பலர் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பதில்லை. வெளிர் சங்கு வெளிர் மஞ்சள் பட்டையின் மேல் இருந்தால் வெயிலில் சங்கே தெரியாது. அப்போது படத்தைத் தொடாதீர்கள், பட்டையின் நிறத்தை அடர்த்தியாக்குங்கள்.

படத்துக்கான மாற்று எழுத்தில் (ஆல்ட் டெக்ஸ்ட்) 'படம் 1' என்று விடாமல் 'காதுப் பிடி வைத்த பனையோலைக் கொட்டான்' என்று எழுதுங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும். சிக்னல் இல்லாமல் படம் திறக்காதவர்களுக்கும் அந்த வரி தெரியும்.

இணையத்தில் 'பின்னணி இல்லாத படம்' என்று தேடி எடுப்பவை சிலவற்றில் சாம்பல் கட்டங்கள் படத்தோடு சேர்ந்தே வரும். அது ஆல்ஃபா அல்ல, கட்டங்களையே படமாகப் பதிந்தது. ஜிம்பில் உங்கள் வண்ண லேயரின் மேல் வைத்துப் பாருங்கள். கட்டம் மறையாவிட்டால் அதை விட்டுவிட்டு உங்கள் சங்கை நீங்களே எடுங்கள். திண்ணை நிழலும் சாம்பல் தாளும் ஏற்கெனவே தயாராகத்தானே இருக்கின்றன.